பயிர் நோயும் குடியானவன் கணக்கும்

(கிருமாம்பாக்கத்தில் கூடிய நமது சங்கத்தின் கூட்டத்தில் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று என்னைப் பேசும்படி காரியதரிசி அவர்கள் கேட்டுக்கொண்டபோது, கல்வியைப்பற்றிப் பேசுவதா, கலியாணச் செலவைக் குறைப்பதைப்பற்றிப் பேசுவதா என்று சிறிது யோசித்தேன். அவ்விரண்டையும் பற்றி என்னிலும் வல்லவர்கள் இம்மேடையில் பலமுறை பேசியிருக்கிறார்கள். நானோ ஏட்டுப் படிப்பு அதிகமில்லாதவன். வயலிலும், களத்திலும், மண்டிக் கடையிலும் காலங்கழித்தவன். ஆகையால் எனக்குத் தெரிந்ததும், நம்மில் பெரும்பாலோர் வாயைத் திறந்து பேச வெட்கப்படுவதுமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்ளத் துணிந்தேன். அது பயிருக்கு வரும் நோயும், அதனால் குடிக்கும் வியாபாரத்துக்கும் விளையும் நஷ்டமுமாம்.

நம் வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் வந்தால் நாலு பேரிடம் சொல்லுகிறோம். மாட்டுக்குக் கோமாரி வந்தால் ஊரே கூடுகிறது. பயிருக்கு நோய் வந்தால் மட்டும் மூடி மறைக்கிறோம். ஏன்? விளைச்சல் போயிற்று என்று தெரிந்தால் கடன் கொடுத்தவன் நெருக்குவான். வாங்க வந்தவன் விலையைக் குறைப்பான். பெண் கேட்க வந்தவர்கள்கூடச் சற்றுத் தயங்குவார்கள். இந்தப் பயத்தால் ஒருவன் வயலில் தொடங்கிய நோய் ஊர் முழுதும் பரவ நாமே வழி விடுகிறோம். இதுவே நான் இன்று சொல்ல வந்ததன் சாரம். மற்றவை யெல்லாம் அதற்கு உதாரணங்களே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு காணியில் முப்பது மூட்டை நெல் கண்டதாக வைத்துக்கொள்ளுங்கள். உழவு, விதை, நடவு, எரு, மருந்து, களை, அறுவடை இவ்வளவுக்கும் சேர்த்து இருபத்திரண்டு மூட்டையின் விலை செலவானதாக வைத்துக்கொள்ளுங்கள். குடிக்கு நிற்பது எட்டு மூட்டை. இப்போது கதிர் வெளிவரும் தருணத்தில் கழுத்துக் குலைநோய் விழுந்து, கால்வாசிக் கதிர் பதராயிற்று என்போம். போனது ஏழரை மூட்டை. மிச்சம் அரை மூட்டை! விளைச்சலில் கால் பங்கு போயிற்று என்று ஊரார் சொல்லுவார்கள். உண்மையில் அக்குடியின் வருஷ வருமானம் முழுவதுமே போயிற்று. நிலம் குத்தகையானால் அந்த அரை மூட்டையும் அவனுடையதன்று.

நஷ்டம் அதோடு நிற்கிறதா? இல்லை. அறுப்புக்கு வருபவர்களின் கூலி நாள் குறைகிறது. மண்டிக்காரர் கொடுத்த முன்பணம் அடுத்த போகத்துக்குத் தள்ளப்பட்டு வட்டியோடு வளருகிறது. அரிசி ஆலையில் சில நாள் சக்கரம் நிற்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க வேண்டியவர் எடுப்பதில்லை; அதனால் ஜவுளிக் கடைக்காரருக்கும் அந்தக் குலைநோயில் பங்கு கிடைக்கிறது. இலையில் விழுந்த ஒரு புள்ளி எவ்வளவு தூரம் நடக்கிறது பாருங்கள்!

இவ்விடத்தில் சிலர், "விளைச்சல் குறைந்தால் விலை ஏறுமே, நஷ்டம் சரிக்கட்டாதா?" என்று கேட்கலாம். தேசமெங்கும் ஒரேயடியாகக் குறைந்தால் ஒருவேளை ஏறும். பாகூர் ஏரியின் ஆயக்கட்டில் மாத்திரம் நோய் விழுந்தால் புதுச்சேரிச் சந்தையில் விலை ஏறுமோ? தஞ்சையிலிருந்தும் ஆந்திரத்திலிருந்தும் நெல் வந்து இறங்கிவிடும். நமக்குச் சரக்கும் இல்லை, விலையும் இல்லை. வறட்சி எல்லோரையும் சமமாகத் தாக்குகிறது. நோயோ சிலரைத் தேர்ந்தெடுத்துத் தாக்குகிறது. பக்கத்தூரான் பிழைக்க, நாம் கெடுகிறோம். இதுவே நோயால் வரும் நஷ்டத்தின் விசேஷ குணம்.

இனி, இலையின் நோய் ஒரு தேசத்தின் தலையெழுத்தையே மாற்றிய வரலாறு ஒன்றைச் சொல்லுகிறேன். அது தூரதேசத்துக் கதையன்று. தமிழர் ரத்தம் கலந்த கதை.

இலங்கை மலைநாட்டில் தேயிலைக்கு முன் ஆண்டது காப்பி. 1830-களுக்குப் பின் வெள்ளைக்காரத் துரைமார் காடுகளை வெட்டிக் காப்பி நட்டார்கள். அத்தோட்டங்களில் வேலை செய்யத் தமிழ் நாட்டிலிருந்து கங்காணிமார் பின்னே ஜனங்கள் கூட்டங்கூட்டமாகப் போனார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே கால்நடையாக நடந்து மலையேறினார்கள். வழியில் மாண்டவர் பலர். காப்பி பறிக்கும் காலத்துக்குப் போய், கூலியை முடிந்துகொண்டு ஊர் திரும்புவது அக்காலத்து வழக்கம்.

1869-ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில், காப்பி இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் கலந்த செந்நிறத் தூள் காணப்பட்டது. விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். இரும்புத் துருப்போல் இருக்கும். அது ஒருவகைக் காளான் என்று கண்டு, அதே ஆண்டில் அதற்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று சாஸ்திரிகள் பெயரிட்டார்கள். அப்பெயரின் பின்பாதிக்கு நாசம் செய்வது என்று பொருள். நோய் கண்ட இலை உதிரும். இலை உதிர்ந்த செடி காய்க்கச் சக்தியற்றுப்போகும். செடி உடனே சாவதில்லை. இங்கேதான் சூது இருந்தது. அடுத்த ஆண்டு துளிர்த்ததைக் கண்டு துரைமார், "இது வந்து போகும் நோய்" என்று ஆறுதல் கொண்டார்கள்.

அவர்களை மயக்கிய வேறொன்றும் உண்டு. அது விலை. 1870-களில் உலகச் சந்தையில் காப்பியின் விலை வெகுவாய் ஏறிற்று. ஏக்கருக்குச் சுமார் நாலரை அந்தர் கண்ட தோட்டங்கள் அப்பத்தாண்டின் முடிவில் சுமார் இரண்டு அந்தராகச் சுருங்கியும், விலை ஏற்றத்தால் வரவு குறையாததுபோலத் தோன்றியது. ஆகவே குறைந்த மகசூலை ஈடுகட்ட மேலும் காடு வெட்டி, மேலும் கடன் வாங்கி, அதே காப்பியை மேலும் நட்டார்கள். நோய்க்கு இரை போதாதென்று விருந்து வைத்ததுபோல் ஆயிற்று! 1880-ஆம் ஆண்டில் மார்ஷல் வார்டு என்னும் இளம் சாஸ்திரி இங்கிலாந்திலிருந்து வந்து, இரண்டு வருஷம் ஆராய்ந்து, இந்நோயின் விதைத்தூள் காற்றில் பரவுவதையும், ஈரமான இலையில் முளைப்பதையும் விளக்கினார். மலை முழுதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பாதை போட்டது என்பது அவருடைய ஆராய்ச்சியால் விளங்கிற்று. அப்போது விலையும் இறங்கத் தொடங்கிவிட்டது. மகசூலும் இல்லை, விலையும் இல்லை, கடன் மாத்திரம் நின்றது.

1884-ஆம் ஆண்டு மே மாதம், தோட்டங்களுக்கு ஏராளமாகக் கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் பாங்கு கதவடைத்தது. அந்தப் பாங்கின் நோட்டுகள் அத்தீவில் ஜனங்கள் கையில் புழங்கின. அவை வெறுங் காகிதமாகாமல் இருக்கும் பொருட்டுக் கவர்னர் ஆர்தர் கார்டன், சர்க்காரே அவற்றுக்குப் பொறுப்பு என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. இலையிலே தொடங்கிய துரு, பாங்கியின் இரும்புப் பெட்டியிலே போய் முடிந்தது! துரைமார் பலர் ஊரைவிட்டுப் போனார்கள். அவர்களுக்காவது போக ஒரு கப்பல் இருந்தது. நம்மவர் கூலி மாதக்கணக்கில் பாக்கி நின்று, கிடைத்தும் கிடையாமலும் போயிற்று. கங்காணியிடம் பட்ட கடன் மட்டும் அப்படியே இருந்தது. பின்பு சில காலம் சிங்கோனா மரத்தை நம்பினார்கள். அதன் பட்டையும் விலை வீழ்ந்தது. லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் நட்டுப் பார்த்திருந்த தேயிலை கடைசியில் கைகொடுத்தது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து கிள்ள ஆள் வேண்டும். ஆகவே வந்து போய்க்கொண்டிருந்த தமிழர் அங்கேயே லயங்களில் நிலைத்துக் குடியேறினார்கள். ஒரு காளானால் ஒரு ஜனசமூகத்தின் ஊரே மாறிற்று என்றால் மிகையன்று.

இதில் நமக்குரிய பாடங்கள் இரண்டு. நல்ல விலை கிடைக்கும்போது நோய் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பது ஒன்று. ஒரே பயிரை, ஒரே ரகத்தை, எல்லோரும் நட்டால், பிழைப்பு முழுவதையும் ஒரே கயிற்றில் கட்டித் தொங்கவிட்டதாகும் என்பது மற்றொன்று.

இனி நம் வீட்டு வாசலுக்கே வருவோம். மல்லாட்டை என்று நாம் சொல்லும் மணிலாக்கொட்டையால் புதுச்சேரி ஒரு காலத்தில் செழித்தது. பிரான்சு தேசத்தின் மார்சேய் நகரத்து எண்ணெய்ச் செக்குகளுக்கும் சவுக்காரத் தொழிற்சாலைகளுக்கும் வேண்டிய மணிலா, தென்னாற்காட்டுப் புன்செய்க் காடுகளில் விளைந்து, புதுச்சேரித் துறையில் கப்பல் ஏறிற்று. 1879-ல் விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்கு ரயில் வந்தபின் இவ்வியாபாரம் இன்னும் வளர்ந்தது. ஏற்றுமதிக்காரர் தரகருக்கும், தரகர் குடிக்கும் முன்பணம் கொடுத்துச் சரக்கைப் பிடித்தார்கள்.

1890-களில் இந்த மணிலாவுக்குக் கேடு வந்தது. பரப்பும் மகசூலும் வருஷத்துக்கு வருஷம் சுருங்கின. அதே விதையைத் திரும்பத் திரும்பப் போட்டதால் விதை வலுவிழந்தது என்றார்கள். மழைக் குறைவு என்றார்கள். இலையில் கரும்புள்ளி விழுந்து உதிர்க்கும் டிக்கா நோய் என்றார்கள். மூன்றும் சேர்ந்தே வந்தன எனலாம். டிக்கா நோய் இன்றும் நம்மிடம் இருப்பதே. விதைத்து ஒரு மாதத்துக்கு மேல் இலையில் வட்டப் புள்ளிகள் தோன்றும், பனியும் தூறலும் கூடினால் பெருகும், இலை உதிரும், மண்ணுக்குள் இருக்கும் காய்க்குப் பருப்பு வைக்கச் சத்துப் போகாது. பிடுங்கிப் பார்த்தால்தான் பொக்கு என்று தெரியும். நோயின் விதைத்தூள் போன வருஷத்துக் கொடிச் சருகிலும், தானாக முளைத்த செடியிலும் தங்கியிருந்து, மறு வருஷம் மறுபடி எழும்.

பிற்பாடு அந்நூற்றாண்டின் இறுதியில் மொரீஷியஸ் விதை என்று பெயர் பெற்ற புது விதை கொண்டுவரப்பட்டது. அதைப் போட்டபின் மணிலாச் சாகுபடி மறுபடி தலையெடுத்து, முன்னிலும் பல மடங்கு பரவிற்று. 1905-ல் நமக்கு அடுத்த பாலூரில் சர்க்கார் ஆராய்ச்சிப் பண்ணை ஏற்பட்டதும் இக்காலத்தையொட்டியே. விதை மாற்றம் ஒரு ஜில்லாவின் வியாபாரத்தையே காப்பாற்றியது என்பதை நம் வாலிபர்கள் கவனிக்கவேண்டும். விதை வியாபாரம் என்பது வெறும் பண்ட வியாபாரமன்று. அது நாணயத்தின் வியாபாரம்.

மணிலாவை விட்டு இன்னும் நோய் போய்விடவில்லை. 2000-ஆம் ஆண்டில் ஆந்திரத்து அனந்தபுரம் ஜில்லாவில், தண்டைக் கருக்கிச் செடியைக் கொல்லும் ஒருவகை வைரஸ் நோய் எழுந்து, ஏறக்குறைய 2,25,000 ஹெக்டேரில் பரவி, 300 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டம் விளைத்தது. ஆராய்ந்தபோது அதன் காரணம் வரப்பிலும் தரிசிலும் வெள்ளைப் பூ பூத்து நின்ற பார்த்தீனியச் செடி என்று கண்டார்கள். அச்செடியின் மகரந்தத் தூளில் வைரஸ் இருக்க, இலைப்பேன் என்னும் சிறு பூச்சி அத்தூளைச் சுமந்து மணிலாவில் சேர்த்தது. தன் வயலைக் கண்ணாடிபோல் வைத்துக்கொண்டவனும் ஊர்ப் பொதுத் தரிசை யார் கவனிப்பது என்று விட்டதற்குத் தண்டனை அடைந்தான்.

களத்துக்கு வந்தபிறகும் நோய் வியாபாரத்தைத் தொடருகிறது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் திடீரென்று மாண்டன. அவற்றுக்குப் போட்ட தீனியில் இருந்த மணிலாப் பிண்ணாக்கில் ஒரு பச்சைப் பூசணம் பிடித்து நஞ்சு உண்டாக்கியிருந்தது தெரியவந்தது. அந்நஞ்சுக்கு அஃப்ளடாக்ஸின் என்று பெயர். ஈரலைக் கெடுத்துப் புற்றுநோய்க்கும் காரணமாவது. ஐரோப்பிய தேசங்களில், மனிதர் நேரே தின்னும் மணிலாவில் அந்நஞ்சு நூறு கோடிப் பங்கில் நாலு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று சட்டம். சரியாக உலர்த்தாத சில மூட்டைகள் ஒரு கப்பல் சரக்கையே திருப்பிவிடப் போதும். அந்தக் காலத்தில் மேல் தோட்டை எளிதாய் உடைக்கத் தண்ணீர் தெளித்து ஊறவைத்து உடைப்பார்கள்; அதனால் பருப்பு சிக்குப்பிடித்து மார்சேயில் விலை குறைந்தது. அன்று விலை மாத்திரம் குறைந்தது; இன்று சரக்கே நிராகரிக்கப்படுகிறது. களத்தில் இரண்டு நாள் வெயில் கூடக் காயப்போட்டு, காதருகில் குலுக்கினால் பருப்பு கலகலவென்று ஒலிக்கும்வரை காத்திருக்கும் பொறுமைக்கு இவ்வளவு விலை உண்டு.

இனிக் கரும்பு. இதைப்பற்றிப் பேசும்போது நான் என் சொந்தக் குற்றம் ஒன்றைச் சபையோர் முன் ஒப்புக்கொள்ள வேண்டியவனாயிருக்கிறேன்.

கரும்புக்கு வரும் நோய்களில் கொடியது செவ்வழுகல். வெளியே சோகை மஞ்சளிப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாது. கரும்பை நெடுகப் பிளந்தால் உள்ளே சிவந்து, குறுக்கே வெள்ளைத் திட்டுகள் இருக்கும். புளித்த கள்வாடை வீசும். சர்க்கரைச் சத்து உடைந்துபோகும். வெல்லம் காய்ச்சினால் இறுகாது. ஆலையில் சாற்றின் தரம் இறங்கும். முக்கியமாக இந்நோய் விதைக் கரணை வழியாகப் பரவுகிறது. மழைநீரும் பாய்ச்சல் நீரும் அதை அடுத்த வயலுக்கு ஏந்திச் செல்லுகின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கோதாவரிக் கழிமுகத்தை இந்நோய் அழித்ததால்தான், பார்பர் துரை அதை ஆராய்ந்து, 1902-ல் சாமல்கோட்டையில் கரும்புப் பண்ணை தொடங்கினார்கள். பின்னர் 1912-ல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் ஏற்பட்டு, அங்கே பார்பரும் வெங்கடராமனும் நாணலையும் கரும்பையும் கலந்து புது ரகங்கள் கண்டார்கள். உலகத்துக்கே அவை உதவின.

ஆயினும் எந்த ரகமும் சாசுவதமன்று. கடலூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தின் கோசி 671 என்னும் ரகம் 1975-ல் வந்தது. சீக்கிரம் முற்றும், சர்க்கரை மிகுதி, ஆலையும் விரும்பிற்று, நாமும் விரும்பினோம். எங்கும் அதுவே. அப்புறம் செவ்வழுகல் அதைக் கண்டுகொண்டது. வடக்கே இதே கதை மறுபடி நடந்தது. 2009-ல் வெளியான கோ 0238 ரகம் உத்தரப்பிரதேசத்துக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் பிடித்துக்கொண்டது. குடிகளுக்கும் ஆலைகளுக்கும் அள்ளிக் கொடுத்தது. சில ஆண்டுகளில் செவ்வழுகலுக்கு இரையாகி, குடிகளை வேறு ரகம் தேட வைத்தது. இலங்கைக் காப்பிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1980-களின் கடைசியில் எனக்கு ஒன்றரைக் காணியில் கோசி 671 இருந்தது. ஒருநாள் வரப்போரத்தில் இரண்டு தூர் மஞ்சளித்ததைப் பிளந்து பார்த்தேன், சிவந்திருந்தது. எனக்குத் தெரியாமலில்லை. பொழுது சாய்ந்தபின் அத்தூர்களைப் பிடுங்கிக் கொளுத்தினேன், ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆலைக்குத் தெரிந்தால் வெட்டு உத்தரவு முறை மாறும், மண்டியில் வாங்கிய கடனுக்கு நெருக்குவார்கள் என்று பயந்தேன். அடுத்த மாதம், எனக்குப் பக்கத்து வயலைக் குத்தகைக்கு எடுத்திருந்த ஒருவர் விதைக் கரணை கேட்டார். அவர் நம் சமூகத்தவர் அல்லர். ஏரிக்கரைக்கு அப்பால் குடியிருப்பவர். வயலின் மறுகோடியில் பார்வைக்கு நன்றாயிருந்த கரும்பை வெட்டிக் கொடுத்தேன், பணமும் வாங்கிக்கொண்டேன்.

எட்டு மாதத்தில் அவர் வயல் பாதி காய்ந்தது. குத்தகை கொடுக்கக் கறவை மாட்டை விற்றார். மூத்த மகனைப் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பினார். "என் நேரம் ஐயா" என்று என்னிடமே வந்து சொன்னார்! நான் தலை குனிந்து நின்றேனே யொழிய, உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அவ்வருஷம் மழைநீர் அவர் வயலிலிருந்து என் மறுதாம்புக் கரும்புக்குள் வடிந்து, எனக்கும் அதே கதி நேர்ந்தது. நான் மறைத்த நோய் அவர் வயலில் வளர்ந்து எனக்கே திரும்பி வந்தது. பல ஆண்டு கழித்து அவரிடம் உண்மையைச் சொல்லி, கரணைப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கிக்கொண்டு, "அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நெல் நட்டிருப்பேனே" என்றார். அவ்வொரு வார்த்தையின் விலையைத்தான் இன்று நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

சகோதரர்களே! நம் சங்கம் நம் குலத்தாரின் முன்னேற்றத்துக்காக ஏற்பட்டது, அதில் ஆக்ஷேபணையில்லை. ஆனால் நோய்க்கு நம் வரப்பு, பிறர் வரப்பு என்ற பேதமில்லை. பெண்ணையாற்றுத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரியில் நிரம்பி மடை திறக்கும்போது, அது குலம் கேட்டுப் பாய்வதில்லை. அது சுமந்து வரும் நோயும் கேட்பதில்லை. நம்மவர் வயலை மாத்திரம் காப்போம் என்பது, ஓட்டைப் படகில் நாம் உட்கார்ந்த பக்கத்தை மாத்திரம் அடைப்போம் என்பது போலாகும். வேறு எந்த விஷயத்தில் ஒதுங்கி நின்றாலும், இவ்விஷயத்தில் சாகுபடி செய்வோர் அனைவரோடும், கூலிக்கு வருவோரோடும், கலந்தே காரியம் செய்யவேண்டும். களை பறிக்கும் பெண்மக்கள் நோயை நமக்கு முன்னமே காண்கிறார்கள். வரப்பில் குடை பிடித்து நிற்கும் நம்மைவிடக் குனிந்து நிற்கும் அவர்கள் கண்ணுக்கு இலையின் அடிப்புறம் நன்றாய்த் தெரியும். அவர்கள் சொன்னால் கேட்கும் பழக்கம் நமக்கு வரவேண்டும்.

ஆகவே சபையோரின் யோசனைக்காகச் சில காரியங்களைச் சொல்லுகிறேன்.

முதலாவது, மறைக்காமை. நம் சங்கத்தில் ஒரு புத்தகம் வைத்து, எந்த வயலில் எந்த நோய் எந்த நாளில் கண்டது என்று எழுதவேண்டும். யார் குலமானாலும் எழுதவேண்டும். எழுதினவனைக் கடன்காரர் நெருக்காதபடி, அப்போகத்துக்கு வாய்தா வாங்கித் தருவது சங்கத்தின் கடமையாக வேண்டும். தண்டனை பயமிருந்தால் ஒருவனும் வாய் திறக்கமாட்டான். நான் திறக்கவில்லையே!

இரண்டாவது, விதை. கரும்பில் மறுதாம்பிலிருந்தும், நோய் கண்ட வயலிலிருந்தும் கரணை எடுக்கலாகாது. விதைக்கென்றே தனி நாற்றங்கால் வைக்கவேண்டும். செவ்வழுகல் கண்ட வயலில் மறுதாம்பு விடாமல் ஒரு போகம் நெல் நடவேண்டும். நெல் விதையைக் கிலோவுக்கு 2 கிராம் கார்பெண்டசிம் என்னும் மருந்திலோ, அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் நுண்ணுயிர்த் தூளிலோ நேர்த்தி செய்து விதைப்பதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம்.

மூன்றாவது, பல ரகம். சந்தையில் விலை போகிறது என்று எல்லோரும் ஆந்திரா பொன்னி ஒன்றையே நடுகிறோம். அதுவோ குலைநோய்க்கு எளிதில் இடங்கொடுப்பது. தஞ்சைக் கழிமுகத்தில் 1919-ல் குலைநோய் கொள்ளையாக வந்தபின், நோய் தாங்கும் ரகம் வேண்டும் என்று கோயமுத்தூரில் பாடுபட்டுக் கோ 25 முதலிய ரகங்களை உண்டாக்கினார்கள். அப்படிப் பிறர் உழைப்பால் வந்த வகைகளிருக்க, ஊர் முழுதும் ஒன்றையே நடுவது விவேகமன்று. காணியில் ஒரு பகுதியாவது வேறு ரகமாயிருக்கட்டும். யூரியாவை அள்ளி வீசிக் கருகருவென்று பயிரைப் பார்த்து மகிழ்வதும் குலைநோயைக் கூப்பிடுவதே.

நாலாவது, மருந்து. பிரான்சிலே மெதோக் நாட்டில் வழிப்போக்கர் திராட்சையைப் பறிக்காதிருக்க, சாலையோரக் கொடிகளில் துருசும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அக்கொடிகளில் மாத்திரம் இலை உதிராததை மிலார்தே என்னும் ஆசிரியர் 1882-ல் கண்டு, 1885-ல் உலகுக்கு வெளியிட்டார். அதுவே போர்தோக் கலவை. மைசூர் மலைநாட்டுப் பாக்குத் தோட்டங்களைக் கொளெரோகத்திலிருந்து மீட்டதும் அதுவே. மருந்து நல்லதே, ஆனால் நோய் இன்னதென்று தெரிந்து, வேளாண் அதிகாரியைக் கேட்டு, நோயின் தொடக்கத்தில் அடிக்கவேண்டும். கடைக்காரர் சொன்னதையெல்லாம் கலந்து அடிப்பது நோயைவிடப் பெரிய செலவு.

ஐந்தாவது, பணம். 2016 முதல் நடைபெறும் பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில், நோயால் வரும் மகசூல் குறைவுக்கும் இடமுண்டு. ஆனால் அது தனி வயலைப் பார்த்தல்ல, அறிவிக்கப்பட்ட பகுதி முழுதின் சராசரி மகசூலை அறுத்துப் பார்த்தே கணக்கிடப்படும். ஒருவன் வயல் மாத்திரம் போனால் அவனுக்குக் காசு வராது. அக்குறையை நிரப்ப, ஒவ்வொரு போகத்திலும் காணிக்கு ஒரு மரக்கால் நெல் வீதம் ஒரு பொது நிதி சேர்க்கலாம். பெரிய காரியமன்று, விதைக்காவது ஆகும்.

வங்காளத்தில் 1942-ல் நெல்லுக்குப் பழுப்புப்புள்ளி நோய் வந்தது. அதே காலத்தில் புயல், யுத்தம், பர்மா அரிசி நின்றது, விலை ஏற்றம் எல்லாம் சேர்ந்தன. மறு வருஷம் லட்சக்கணக்கான ஜனங்கள் பட்டினியால் மாண்டார்கள். எக்காரணம் எவ்வளவு என்று அறிஞர்கள் இன்னும் வாதிக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது ஒன்றே. நோய் தனியாக வந்தால் குடியைக் கெடுக்கும். பொறுப்பற்ற மனிதர் நடுவே வந்தால் நாட்டைக் கெடுக்கும்.

இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவரவர் வயலில் ஒரு நிமிஷம் இறங்கி, ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். ஏதேனும் கண்டால் முதலில் பக்கத்து வயல்காரரிடம் சொல்லுங்கள்; அவர் யாராயிருந்தாலும் சரி. அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல நான் பல ஆண்டு எடுத்துக்கொண்டேன். நீங்கள் ஒரு நாளும் தாமதிக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.